ஊருக்கு வந்த மூன்றாம் நாளே போரடிக்குதா? முகையூரிலிருந்து மரக்காணம் வரை குடும்பத்தோடு சுற்றி வாங்க!

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் சென்னை, பெங்களூரு என்று பிழைப்புக்குப் போன குடும்பங்கள் பையும் மூட்டையுமாக ஊர் வந்து இறங்கும். முகையூர், கண்டாச்சிபுரம், அரகண்டநல்லூர் பக்கத்தில் எந்த வீட்டில் கேட்டாலும் கதை ஒன்றுதான். முதல் நாள் நாட்டுக்கோழிக் குழம்பு. இரண்டாம் நாள் மோட்டார் கொட்டகையில் குளியல். மூன்றாம் நாள் காலையில், "ஆயா, இங்க பார்க்குறதுக்கு ஒண்ணுமே இல்லையா?" என்று பேரப்பிள்ளை கேட்கும். பிறகு திண்ணையில் ஆளுக்கொரு மூலையில் ஆளுக்கொரு செல்போன்.

பெரியவர்களுக்கும் பதில் தெரியாது. அதிகம் போனால் "புதுச்சேரி பீச்சுக்குப் போயிட்டு வாங்க" என்பார்கள். அந்தப் பீச்சில் வரிசையாக நிற்கிற கல்தூண்களே செஞ்சியிலிருந்து பெயர்த்துக்கொண்டு போனவை என்று சொல்லப்படுகிறது! தூண் போன ஊருக்குப் போகிறோம், தூண் வந்த ஊரை விட்டுவிடுகிறோம்.

விழுப்புரம் மாவட்டத்தை எல்லோரும் பைபாஸில் தாண்டிப் போகிற இடமாகத்தான் வைத்திருக்கிறோம். ஆனால், வண்டியை நிறுத்தி உள்ளே நுழைந்தால் கற்காலத்துக்குச் சற்றே பிந்தைய ஓவியம் முதல், உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய கோட்டை வரை இருக்கிறது. சந்தை இருக்கிறது, ஏரி இருக்கிறது, கல்லாகிப்போன மரம்கூட இருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு இடம் என்று வைத்துக்கொண்டால், ஆயாவின் முழங்காலும் தாங்கும், அப்பாவின் பர்ஸும் தாங்கும்.

முதல் நாள் ரயிலில்!

கார் வேண்டாம். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் விழுப்புரம்–காட்பாடி ரயில் பாதையில் ஒரு குட்டிப் பயணம் போய்ப் பாருங்கள். பாசஞ்சர் ரயில்கள் குறைவு. நேரத்தை முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இறங்க வேண்டியது திருக்கோவிலூர் ஸ்டேஷன். பெயர்தான் திருக்கோவிலூர், ஸ்டேஷன் இருப்பது ஆற்றுக்கு இந்தப் பக்கம், அரகண்டநல்லூரில்.

ரயிலில் உட்கார்ந்ததும் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லுங்கள். 1896 ஆகஸ்ட் மாதக் கடைசி. மதுரையிலிருந்து வீட்டுக்குத் தெரியாமல் கிளம்பிய 16 வயதுப் பையன் ஒருவன் விழுப்புரத்தில் வந்து நிற்கிறான். போக வேண்டியது திருவண்ணாமலை. கையில் மிச்சமிருந்த காசுக்கு மாம்பழப்பட்டு வரைதான் டிக்கெட் கிடைத்தது. அங்கே இறங்கி நடக்க ஆரம்பித்தவன், பொழுது சாய்கிற நேரத்தில் அரகண்டநல்லூர் மலைக்கோயிலுக்கு வந்து சேர்ந்தான். அங்கே சோறு கிடைக்கவில்லை. பக்கத்தில் இருக்கும் கீழையூர் கோயிலுக்குப் போனான். அங்கே மேளக்காரர் ஒருவர் தன் பங்குச் சோற்றைக் கொடுத்தார். மறுநாள் காதில் கிடந்த தங்கக் கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்து, செப்டம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலையில் போய் இறங்கினான். அந்தப் பையன்தான் வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி. நீங்கள் ஜன்னல் வழியாகப் பார்க்கும் அதே மாம்பழப்பட்டு, அதே அரகண்டநல்லூர்.

அரகண்டநல்லூர் ஒப்பிலாமணீஸ்வரர் கோயில் தென்பெண்ணையின் வடகரையில் பெரிய பாறை மேல் உட்கார்ந்திருக்கிறது. சம்பந்தர் பாடிய தலம். கோயிலுக்குக் கீழே, பாறையில் குடைய ஆரம்பித்து முடிக்காமல் விட்ட குடைவரை ஒன்று இருக்கிறது. முடிந்த குடைவரைகளைவிட இதுதான் பிள்ளைகளுக்குப் பாடம். உளி எங்கே தொடங்கியது, எந்த அளவுக்குப் போனது என்பதெல்லாம் கண்ணால் பார்க்கலாம். மேலே நின்றால் ஆறு முழுசாகத் தெரியும். வானம் தெளிவாக இருக்கும் நாளில் வடமேற்கே அண்ணாமலையைத் தேடிப் பாருங்கள்.

பாலம் தாண்டினால் திருக்கோவிலூர். 2019 முதல் அது கள்ளக்குறிச்சி மாவட்டம். அதனால் என்ன, முகையூர்க்காரர்களுக்கு டவுன் என்றால் இன்றும் அதுதான். உலகளந்த பெருமாள் கோயிலில் முதலாழ்வார்கள் மூவரும் மழைக்கு ஒதுங்கிய இடைகழி. ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்ற அந்தக் கதை தெரியாத பிள்ளைகளே இருக்கக் கூடாது. கீழையூர் வீரட்டானேஸ்வரர் கோயில் பக்கத்தில், ஆற்றுக்குள் தனியாக நிற்கும் பாறையும் அதன் உச்சியில் சின்னக் கோயிலும் தெரியும். அதுதான் கபிலர் குன்று. நண்பன் பாரி மறைந்தபின், அவன் மகள்களைக் கரைசேர்த்துவிட்டுக் கபிலர் உயிர் நீத்த இடம். இதைச் சொல்லும் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு வீரட்டானேஸ்வரர் கோயிலிலேயே இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் கபிலரைப் படிக்கிற பிள்ளையை இங்கே அழைத்து வராமல் இருப்பது நியாயமே இல்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. பெண்ணையில் தண்ணீர் ஓடினால் கரையோடு நின்றுகொள்ளுங்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே இருந்து பார்த்தால் தெரியாது. முழங்கால் தண்ணீர் என்று இறங்கும் இடத்தில் அடுத்த அடி ஆள் ஆழம் இருக்கும். பாட்டி வீட்டுக்கு லீவுக்கு வந்த பிள்ளைகள்தான், ஆற்றைத் தெரியாததால், அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். குளிப்பது மோட்டார் கொட்டகையிலேயே இருக்கட்டும்.

பறவை முகத்து மனிதர்கள்

கண்டாச்சிபுரம் பக்கம் கீழ்வாலை என்றொரு சின்ன ஊர். அங்கே பாறைக் குவியலுக்குள் செங்காவி நிறத்தில் ஓவியங்கள். குதிரை போன்ற விலங்கின் மேல் ஒருவர் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் அதை இழுத்துப் போகிறார். முகம் மட்டும் பறவையின் அலகு மாதிரி! முகமூடி போட்டிருக்கிறார்களா, சடங்கா, வேட்டையா என்று ஆய்வாளர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டு வாண்டு என்ன சொல்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பதில் ஆய்வாளர்களுக்குச் சளைத்ததாக இருக்காது.

இங்கே நான் சொல்ல நினைப்பது வேறு. இந்த ஓவியத்துக்கு மேலே கூரை இல்லை, கண்ணாடி இல்லை. வெயிலும் மழையும் பார்த்து இத்தனை நூற்றாண்டு தாங்கியதை, ஒரு விரல் ஈரத்தோடு தேய்த்தால் போதும், போய்விடும். படம் தெளிவாக வரட்டும் என்று தண்ணீர் தெளிப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பாறைகளில் "செல்வி ஐ லவ் யூ" எழுதுகிறவர்களைப் பற்றித் தனியாக என்ன சொல்வது? உள்ளூர் ஆள் ஒருவரைத் துணைக்குக் கேட்டுக்கொண்டு போங்கள். ஓவியம் இருக்கும் பாறையைக் கண்டுபிடிக்கவே அவர் வேண்டும். வண்டிக்கு நிழல், குடிக்கத் தண்ணீர், அப்படியே ஊர்க் கதை எல்லாம் அவரிடம் கிடைக்கும்.

ஒரு ராஜா போட்ட சவால்

விழுப்புரம்–செஞ்சி சாலையில் ஏறக்குறைய பாதி வழியில் மண்டகப்பட்டு. சாலையிலிருந்து கொஞ்ச தூரம்தான். பாறையைக் குடைந்து முன்னால் தூண்கள், இரண்டு பக்கமும் ஆளுயரக் காவலர்கள், உள்ளே மூன்று சின்ன அறைகள். மூன்றும் காலி. ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டு "இதுக்கா வந்தோம்" என்று பையன் முகம் சுளிப்பான். அப்போது கல்வெட்டுச் செய்தியைச் சொல்லுங்கள்.

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் இதைக் குடைவித்தான். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்புச் சாந்து இல்லை, இவை எதுவுமே இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் கோயில் எடுத்தேன் என்று வடமொழியில் பெருமையாகப் பொறித்து வைத்தான். தனக்கே "விசித்திரசித்தன்" என்று பெயரும் வைத்துக்கொண்டான். அதற்கு முன் இந்தப் பக்கத்துக் கோயில்கள் செங்கல்லிலும் மரத்திலும்தான். அவை எல்லாம் மண்ணோடு போய்விட்டன, இது நிற்கிறது. மாமல்லபுரத்துக்குப் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருகிறார்கள். அந்தக் கலைக்கு அரிச்சுவடி எழுதிய மண்டகப்பட்டில் பல நாள் ஆடு மேய்ப்பவர் மட்டும்தான் இருப்பார்.

அங்கிருந்து சில கிலோமீட்டர் உள்ளே போனால் தளவானூர். அதுவும் மகேந்திரவர்மன் குடைவரைதான், சத்ருமல்லேஸ்வராலயம் என்று பெயர். வாசலுக்கு மேலே பாறையிலேயே மகர தோரணம் செதுக்கியிருக்கிறார்கள். நம் வீட்டு விசேஷத்துக்கு வாழை மரமும் மாவிலையும் கட்டுவது போல ராஜா கல்லில் கட்டியிருக்கிறான் என்று ஆயா ஒருத்தி சொன்னதைக் கேட்டேன். எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இவ்வளவு நல்ல விளக்கம் படித்ததில்லை.

இந்த வட்டாரத்தில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் பனமலைக்குத்தான் கை காட்டுவேன். அகன்ற ஏரி, கரையில் குன்று, குன்றின் மேல் தாளகிரீஸ்வரர் கோயில். தாளம் என்றால் பனை, அதனால் பனமலை. காஞ்சி கைலாசநாதர் கோயிலையும் மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலையும் எடுத்த ராஜசிம்ம பல்லவன் கட்டியது. படிகள் அதிகம் இல்லை. வயதானவர்களும் நிதானமாக ஏறிவிடலாம். மேலே காற்று அள்ளிக்கொண்டு போகும்.

கோயிலை ஒட்டிய சின்னச் சந்நிதி ஒன்றின் சுவரில் பார்வதியின் ஓவியம் மிஞ்சியிருக்கிறது. 1,300 ஆண்டுக்கு முந்தைய வண்ணம். தலையில் மகுடம், மேலே குடை, ஒரு காலை மடித்து, உடலை லேசாகச் சாய்த்து, சிவனின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆடுகிற சிவன் பெரும்பாலும் அழிந்துவிட்டார். பார்க்கிறவள் மட்டும் இருக்கிறாள். அவளும் முழுசாக இல்லை. தமிழ்நாட்டில் பல்லவர் ஓவியம் மிஞ்சியிருக்கும் இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதில் இது ஒன்று. இன்றைக்கு எட்டாவது படிக்கும் உங்கள் மகள், தன் மகளை அழைத்து வரும்போது இந்த முகம் இருக்குமா என்பது எனக்கு நிச்சயமில்லை. ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் சாயாதீர்கள்.

மதியச் சாப்பாட்டைக் கையோடு கொண்டு போங்கள். புளிசோறும் உருளைக்கிழங்கு வறுவலும் ஏரிக்கரைப் பனை நிழலில் தனி ருசி. அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை: இந்த மூன்று இடத்திலும் கழிப்பறையை நம்பிப் போகாதீர்கள். விழுப்புரத்திலோ செஞ்சியிலோ முடித்துக்கொண்டு கிளம்புங்கள். எந்தச் சுற்றுலாக் கட்டுரையும் இதை எழுதுவதில்லை. ஆனால், வயதுப் பெண்ணையும் மாமியாரையும் அழைத்துப் போகிறவர்களுக்கு முதல் கேள்வியே இதுதான்.

இதே சாலையில் நேமூர்ப் பக்கம் எண்ணாயிரம் என்ற ஊரும் இருக்கிறது. ராஜேந்திர சோழன் காலத்தில் இங்கே தங்கிப் படிக்கிற கல்லூரியே நடந்திருக்கிறது. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள் என்று கோயில் கல்வெட்டில் கணக்கு இருக்கிறது. மாணவர்களுக்குத் தினமும் எவ்வளவு நெல் என்பதும் எழுதியிருக்கிறது. ஹாஸ்டல் மெஸ்ஸைத் திட்டிக்கொண்டே இருக்கும் காலேஜ் பிள்ளைகளுக்கு இந்த இடத்தைச் சிபாரிசு செய்கிறேன்.

வெள்ளிக்கிழமை என்றால் செஞ்சி

செஞ்சிக்குப் போவதென்றால் வெள்ளிக்கிழமை போங்கள். அன்றைக்குத்தான் வாரச் சந்தை. விடிவதற்கு முன்பே ஆட்டு வியாபாரம் தொடங்கிவிடும், வெயில் ஏறும்போது பாதி முடிந்திருக்கும். தீபாவளி, பக்ரீத், பொங்கல் சமயத்தில் கால் வைக்க இடம் இருக்காது. அந்த வாரங்களில் கோடிக்கணக்கில் விற்பனை என்று பேப்பரில் செய்தி வரும். நகரத்தில் பிறந்த பிள்ளைகளுக்குக் கறி பிளாஸ்டிக் கவரில்தான் வருகிறது. ஆட்டின் பல்லைப் பார்த்து வயது சொல்வதையும், இடுப்பில் கை வைத்துப் பார்த்து எடை சொல்வதையும் இங்கே நேரில் பார்க்கட்டும்.

பேரம் பேசுவதைக் கொஞ்சம் தள்ளி நின்று கவனியுங்கள். "என்னா மாமா, பத்தாயிரமா? ஆடு சொல்றியா, மாடு சொல்றியா?" என்று ஆரம்பிக்கும். நடுவில் இரண்டு முறை கோபித்துக்கொண்டு போவார்கள், கடைசியில் டீக்கடையில் முடியும். வளர்த்த ஆட்டை விற்றுவிட்டுப் பள்ளிக்கூடக் கட்டணத்துக்குப் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போகும் அம்மாக்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. அவர்கள் முகத்துக்கு நேரே செல்போனை நீட்டி ரீல்ஸ் எடுக்காமல் இருந்தால் நல்லது. ஆடு அவர்களுடைய பேங்க் பேலன்ஸ்.

சந்தை முடிந்ததும் கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டிய ராணுவக் கோட்டைகள் என்று 12 கோட்டைகள் சேர்ந்தன. பதினொன்று மகாராஷ்டிரத்தில், பன்னிரண்டாவது நம் செஞ்சி. மராட்டியக் கோட்டைக்கு இங்கே என்ன வேலை என்று பிள்ளை கேட்டால், 1677-ல் சத்ரபதி சிவாஜி இதைப் பிடித்ததையும், பிறகு அவர் மகன் ராஜாராம் முகலாயருக்குத் தப்பி வந்து இங்கிருந்தே ஆட்சி நடத்தியதையும், முகலாயப் படை ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டு 1698-ல்தான் உள்ளே நுழைய முடிந்ததையும் சொல்லுங்கள். அதற்கு முன் நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான்கள், பின்னால் பிரெஞ்சுக்காரர்கள், ஆங்கிலேயர்கள் என்று இந்தக் கோட்டைக்கு எஜமானர்கள் ஏராளம். ஆனால், ஊர் மனசில் நிற்பது ஒரே ஒருவன்தான். 1714-ல் ஆற்காடு நவாபின் படையோடு மோதி, இருபத்திரண்டு வயதில் இறந்த தேசிங்கு ராஜன். சில மாதங்கள்தான் ஆண்டான். முந்நூறு ஆண்டுகளாகப் பாட்டிலும் கூத்திலும் ஆண்டுகொண்டிருக்கிறான். ஆயாவுக்கு நிச்சயம் ஒரு கதை தெரிந்திருக்கும், கோட்டை வாசலில் உட்கார வைத்துக் கேளுங்கள்.

மூன்று குன்றுகளை மதிலால் இணைத்த கோட்டை இது. ராஜகிரி உச்சி கிட்டத்தட்ட 800 அடி. ஏறி இறங்க நல்ல கால் உள்ளவர்களுக்கே அரை நாள் ஆகும். உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து பள்ளமாக இருக்கும், அதன் மேல் ஒரு சின்னப் பாலம். அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி அங்கேயே நிற்க வேண்டியதுதான். "இதுதான் அந்தக் காலத்துப் பாஸ்வேர்டு" என்று ஒரு பையன் அப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். பிற்பகலில் ஒரு நேரத்துக்கு மேல் மேலே ஏற விடமாட்டார்கள். காலையிலேயே தொடங்குங்கள். ஏற முடியாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். கல்யாண மகால், தானியக் களஞ்சியம், யானைக் குளம், வெங்கடரமணர் கோயில் எல்லாம் கீழேயே இருக்கின்றன. கல்யாண மகாலின் மேல் தளங்களுக்குச் சுடுமண் குழாயில் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். டிக்கெட் தொல்லியல் துறைக் கட்டணம்தான், 15 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இலவசம். குரங்குகள் மட்டும் டிக்கெட் இல்லாமல் உங்கள் பையைச் சோதனை போடும். பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள்.

ஏப்ரல், மே மாதத்தில் ராஜகிரி வேண்டாம். பாறை கொதிக்கும். லீவு மேயில்தானே விடுகிறார்கள் என்றால், கீழ்க்கோட்டையை மட்டும் காலை எட்டு மணிக்குப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். உச்சியைப் பொங்கல் லீவுக்கு வையுங்கள்.

செஞ்சி வந்தவர்கள் பலரும் கோட்டையோடு திரும்பிவிடுவார்கள். பக்கத்திலேயே சிறுகடம்பூர் திருநாதர்குன்று இருக்கிறது. ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்களை இரண்டு வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற சமணத் துறவி 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் விட்டதைச் சொல்லும் பழந்தமிழ்க் கல்வெட்டும் உண்டு. "ஐ" என்ற எழுத்து முதன்முதலில் தெரியவரும் கல்வெட்டுகளில் ஒன்று என்று இதைச் சொல்வார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அந்த எழுத்தைத் தேடட்டும். மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடமும் பார்சுவநாதர் கோயிலும் இருக்கின்றன. இந்த வட்டாரத்தில் தமிழ் பேசும் சமணக் குடும்பங்கள் இன்றும் விவசாயம் பார்த்துக்கொண்டு வாழ்கின்றன என்பது மாவட்டத்துக்குள்ளேயே பலருக்குத் தெரியாது.

சங்கப் புலவரின் சாப்பாட்டு வழிகாட்டி

திண்டிவனம் என்றதும் பைபாஸ், டோல்கேட், டிராஃபிக் ஜாம். ஆனால், நம் பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையின் நாயகன் நல்லியக்கோடன் இந்த ஊர்க்காரன். அவன் ஊரான கிடங்கில்தான் இன்று திண்டிவனத்துக்குள் இருக்கும் கிடங்கல். நத்தத்தனார் பாடிய அந்தப் பாட்டில், பரிசு வாங்கப் போகும் பாணன் குடும்பத்துக்கு வழி சொல்கிறார்கள். முதலில் கடற்கரையில் எயிற்பட்டினம், அங்கே பரதவர் வீட்டில் சுட்ட மீன் கிடைக்கும். அடுத்து வேலூர், அங்கே புளி சேர்த்த சூடான சோறும் இறைச்சியும். பிறகு ஆமூர், அங்கே வெள்ளைச் சோறும் நண்டுக் குழம்பும். கடைசியில் கிடங்கில். எந்த ஊரில் என்ன சாப்பிடலாம் என்று யூடியூப் பார்க்கிற நமக்கு, இதே வழியில் இதே வேலையைச் சங்கப் புலவர் செய்து வைத்திருக்கிறார்! எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணம் என்றே அறிஞர்கள் பலரும் கொள்கிறார்கள். வேலூர் என்பது கோட்டை வேலூர் இல்லை, இந்தப் பக்கத்து ஊர்தான்.

அதனால் இந்த நாளைப் பாணன் வழியிலேயே மரக்காணத்தில் தொடங்குங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியே உப்பளங்கள். தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்தபடி பேசப்படும் உப்பு இது. வெயில் ஏற ஏறப் பாத்தியில் உப்பு பூப்பதை ஓரமாக நின்று பார்க்கலாம். அந்த வெயிலில் வெறுங்காலோடு உப்பை வாரிக் குவிக்கும் அக்காக்களைப் பார்த்தபின் ஒரு பாக்கெட் உப்பு இவ்வளவு மலிவாக எப்படி வருகிறது என்று பிள்ளைகளே கேட்பார்கள்.

பக்கத்திலேயே கழுவெளி. பழவேற்காட்டுக்கு அடுத்து தமிழகக் கடற்கரையில் பெரிய உவர்நீர் ஏரி, 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெளிநாட்டுப் பறவைகள் வரும். பூநாரைகள் கூட்டமாக நிற்பதைப் பார்த்துவிட்டால் எந்தப் பிள்ளையும் செல்போனைக் கீழே வைத்துவிடும். காலை ஆறரைக்கு அங்கே இருக்க வேண்டும், பத்து மணிக்குப் போய்விட்டுப் பறவை இல்லை என்று திட்டக் கூடாது. பைனாகுலர் யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில் திருவக்கரை. பெரியவர்களுக்கு வக்கிரகாளியம்மன், பிள்ளைகளுக்குக் கல்மரப் பூங்கா. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருவெள்ளம் அடித்து வந்து மணலுக்குள் புதைத்த மரங்கள் இவை. மரத்துக்குள் மெல்ல மெல்ல சிலிக்கா புகுந்து அச்சு அசலாகக் கல்லாகிவிட்டது. பட்டையின் வரி, வளர்ச்சி வளையம், கணு எல்லாம் அப்படியே இருக்கும். தட்டினால் கல் சத்தம். கிளையோ வேரோ இல்லாமல் வெறும் அடிமரமாகக் கிடப்பதைக் கவனியுங்கள். வெள்ளத்தில் உருண்டு வந்ததற்கு அதுதான் சாட்சி. புளி, ஆமணக்குக் குடும்பத்து மரங்களும் இதில் உண்டு. திண்டிவனத்தின் பெயரே புளியங்காடு என்ற பொருள்படும் திந்திரிணி வனத்திலிருந்து வந்ததுதான். சின்னத் துண்டு ஒன்றைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளப் பையனுக்குக் கை துறுதுறுக்கும். விடாதீர்கள். பூங்காவுக்கு வெளியே கிடப்பவை எல்லாம் அப்படிக் காணாமல் போனவைதான்.

நேரம் இருந்தால் மயிலம் முருகன், மாலை வெயில் சாயும்போது வீடூர் அணை. 32 அடி அணை, பூங்கா, கரையில் காற்று, அவ்வளவுதான். அதற்கு மேல் எதிர்பார்க்காமல் போனால் நன்றாக இருக்கும். ஒன்று மட்டும்: நவம்பர் கடைசி, டிசம்பர் தொடக்கத்தில் இந்தப் பக்கம் பிளான் போட்டால் வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 2024-ல் ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பாலங்கள், சாலைகள் எல்லாம் என்ன ஆயின என்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆரோவில்லும் இந்த மாவட்டம்தான். பார்வையிடும் இடம்வரை நடந்து மாத்ரி மந்திரைப் பார்க்கலாம். உள்ளே போக முன்பதிவு வேண்டும், பத்து வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை. அதை ஒரு தனி நாளாக வையுங்கள். செஞ்சியையும் ஆரோவில்லையும் ஒரே நாளில் முடிக்கிற வேன் டூர்களை நான் பார்த்திருக்கிறேன். அதில் வருகிறவர்களுக்கு ஞாபகம் இருப்பது வேன் சீட் மட்டும்தான்.

பை நிறைய என்ன வாங்கலாம்?

மல்லாட்டை! வேர்க்கடலையை இந்தப் பெயரில் கேட்டால்தான் சந்தை அக்கா நிமிர்ந்து பார்ப்பார். அரகண்டநல்லூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் அறுவடைக் காலத்தில் மல்லாட்டை, உளுந்து, எள் எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஏலம் வியாபாரிகளுக்கானது. உங்களுக்கு வெளியே கடைகளில் கிடைக்கும். பச்சை மல்லாட்டையை உப்புப் போட்டு வேகவைத்துத் தரச் சொல்லி ஆயாவிடம் கொடுங்கள்.

பட்டுப்புடவை எடுக்கும் யோசனை இருந்தால் சிறுவந்தாடு ஒரு எட்டு போய் வாருங்கள். தறி ஓடும் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து நெசவைப் பார்க்கலாம். ஒரு புடவைக்கு எத்தனை நாள், அதில் நெய்பவருக்கு எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொண்டபின், பேரம் பேச வாய் வருகிறதா என்று பாருங்கள்.

விக்கிரவாண்டி, பனமலை சுற்று வட்டாரம் பனங்காட்டுக்குப் பேர் போனது. தையில் பனங்கிழங்கு, சித்திரையில் நுங்கு, சீசன் நேரத்தில் விடியற்காலையில் இறக்கிய பதநீர். பதநீரை வெயில் ஏறுமுன் குடித்துவிட வேண்டும். பிளாஸ்டிக் டம்ளரில் வாங்காமல் பனையோலைப் பட்டையில் ஊற்றித் தரச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு அதுவே பாதி கொண்டாட்டம். கோடையில் சென்னை திரும்புகிறவர்களுக்குத் திண்டிவனம் தாண்டும்வரை சாலையோரம் தர்ப்பூசணி மலையாகக் கிடக்கும்.

செலவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. செஞ்சி, அரகண்டநல்லூர், மயிலம் எல்லாம் பஸ்ஸிலேயே முடியும். மண்டகப்பட்டு, தளவானூர், பனமலை, கீழ்வாலைக்கு மட்டும் சொந்த வண்டியோ, இரண்டு மூன்று குடும்பமாகச் சேர்ந்து பிடித்த வேனோ வேண்டும். சித்தப்பா வீடு, அத்தை வீடு என்று பிள்ளைகளைத் திரட்டினால் வேன் தானாக நிறைந்துவிடும். கோயில்கள் பெரும்பாலும் நண்பகலில் நடை சாத்திவிடும் என்பதால், காலையில் கோயில், மதியம் ஏரிக்கரைச் சோறு, மாலையில் மீதி இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, ஆயாவுக்கு ஒரு கைத்தடி, குப்பையைத் திருப்பி எடுத்து வர ஒரு பை. டார்ச் லைட்டையும் மறக்காதீர்கள், மண்டகப்பட்டில் கல்வெட்டு எழுத்தைப் பார்க்க உதவும்.